கட்டிலருகே திருமறை

சென்ற மழைக்காலத்தில் கல்வராயன் மலையிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் எங்கள் வார்டில் சேர்க்கப்பட்டார். ஊர் வெள்ளிமலைக்கும் அப்பால். நீரிழிவினால் காலில் ஆறாத புண். இடையில் உபவாச ஜெபம் என்று உணவை விட்டு, மாத்திரையை மட்டும் விழுங்கியதால் சர்க்கரை மிகவும் இறங்கி மயங்கியும் விழுந்திருந்தார். தலையணைக்கு அடியில் மஞ்சள் துணியில் சுற்றிய வேதாகமம் ஒன்று இருந்தது.

"தினமும் வாசிப்பீர்களா, பாட்டி?" என்றேன்.

"எனக்கு எழுத்து தெரியாதுங்க, டாக்டர். பக்கத்துல இருந்தா போதும்னு வச்சிருக்கேன்" என்றார்.

அவ்விடை என்னை உறுத்தியது. எழுத்தறிந்த என் வீட்டு அலமாரியிலும் அந்நூல் பல ஆண்டுகளாக அவ்வாறே மூடிக் கிடந்தது.

எழுத்தறியாமை இதற்குத் தடையன்று. விசுவாசம் கேள்வியினால் வரும் என்றே பவுல் ரோமருக்கு எழுதினார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, பள்ளிச் சிறுவர்களோடு மணலில் அமர்ந்து விரலால் எழுதித் தமிழ் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சில் நிறைவுற்றது. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புத்தகம் வரை வந்தபின், 1719-இல், தம் 36-ஆம் வயதில் மறைந்தார். அத்துணை உழைப்பில் நமக்கு வாய்த்த நூலைத் துணிக்குள் வைத்திருக்கிறோம்.

பாட்டியுடன் துணைக்குத் தங்கியிருந்த பேரன் பத்தாம் வகுப்பு மாணவன். மாலைதோறும் மாற்கு நற்செய்தியில் பத்து வசனங்களை, பக்கத்துக் கட்டிலாருக்கு இடையூறின்றி, தாழ்ந்த குரலில் வாசிக்கச் சொன்னேன். ஏன் பத்து மட்டும் என்று கேட்டான். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரே வேளையில் வயிறார உணவளித்தால் இரத்தத்தில் பாஸ்பேட் முதலிய உப்புகள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். நாங்கள் சிறிது சிறிதாகவே கூட்டுவோம். ஆன்மாவுக்கும் அதுவே பொருந்தும் என்பது என் எண்ணம். புத்தாண்டில் முழு வேதாகமத்தையும் முடிக்கத் தீர்மானித்து, லேவியராகமத்தில் நின்றுபோனவர்களை நான் அறிவேன். நானும் அவர்களில் ஒருவன். மாற்கு 16 அதிகாரங்களே. நாளுக்குப் பத்து வசனமெனில் ஏறக்குறைய பத்து வாரங்களில் முடியும்.

வலி மிகுந்த இரவுகளில் நற்செய்தி வாசிக்க மனம் வராது. அப்போது சங்கீதங்களைத் திறவுங்கள். நோயாளிகள் பலர் கடவுளிடம் முறையிடுவதே பாவம் என்று அஞ்சுகின்றனர். 88-ஆம் சங்கீதம் முழுவதும் முறையீடு. அது இருளிலேயே முடிகிறது. ஆறுதல் வார்த்தை ஒன்றையும் வலிந்து சேர்க்காத அந்தப் பாடலும் திருமறையில் இடம்பெற்றுள்ளது என்பதே சிலருக்குப் பெரும் ஆறுதல்.

ஒன்றை உறுதியாகச் சொல்லவேண்டும். வாசிப்பு மருந்துக்கு மாற்றன்று. நீரிழிவு உள்ளவர்கள் உபவாசம் இருக்க விரும்பினால் முதலில் எங்களிடம் கேளுங்கள். சாக விரும்பிச் சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் தந்தது உபதேசமன்று, அடையும் தண்ணீரும். எலியா உண்டு உறங்கினான். தூதன் மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்தான்.

பாட்டியின் கால்விரல் ஒன்றை அகற்றவேண்டியதாயிற்று. அதற்கு முந்திய இரவு அவர் வாசிப்பை வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பேரனை வற்புறுத்தவேண்டாம் என்றேன். இரண்டு நாள் கழித்து அவரே கேட்டார்.

மூன்றாம் வாரத்தில் யவீருவின் மகளை இயேசு எழுப்பிய பகுதி வந்தது. பிள்ளைக்கு உண்ணக் கொடுக்கும்படி அவர் சொன்னதோடு அது முடிகிறது. மறுநாள் காலைச் சுற்றில் பாட்டி சிரித்தார்: "எழுப்பிவிட்டதோட போகலைங்க, சோறும் போடச் சொல்லியிருக்காரு." கஞ்சிக் கிண்ணம் காலியாக இருந்தது.

வீடு திரும்பிய அன்று மஞ்சள் துணி கட்டில் கம்பியில் உலர்ந்துகொண்டிருந்தது. பேரன் எங்கள் மறுபரிசோதனைச் சீட்டை மாற்கு ஆறாம் அதிகாரத்தில் அடையாளமாகச் செருகியிருந்தான்.