கணினியில் இசை கேட்கும் நெறி

சென்ற கோடை விடுமுறையில், கூடங்குளத்திலுள்ள எம் இல்லத்தில், காலஞ்சென்ற எம் பாட்டனார் பாடிய கீர்த்தனை ஒன்றைக் கணினியிற் கேட்டோம். திருநெல்வேலியில் 1774-ஆம் ஆண்டு பிறந்த வேதநாயக சாஸ்திரியார் இயற்றிய கீர்த்தனை அது. பாட்டனாரின் குரல் தகரக் குழாயினுள்ளிருந்து வருவதுபோல் ஒலித்தது. உடனிசைத்த தாளமோ ஓசை தேய்ந்து சலசலத்தது. "மென்பொருளை மாற்றினால் ஒலி திருந்தும்" என்றனர் நண்பர். அவ்வாறே ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்த்தோம். அம்முயற்சியில் யாம் அறிந்தவற்றை நம் கல்லூரி அன்பர்க்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், இசை கணினியில் எங்ஙனம் உறைகின்றது என்பதை அறிதல் வேண்டும். ஒலி என்பது காற்றின் அதிர்வு. சி.டி. என்னும் குறுந்தட்டில் அவ்வதிர்வு விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பெற்று, ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளால் எழுதப்படுகின்றது. இரு செவிக்குமாக விநாடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட்டு ஆகும். எம்.பி.3 முறையோ, உரத்த ஒலியின் மறைவிற் செவிக்குப் புலனாகா எனக் கருதப்படும் மெல்லொலிகளை நீக்கிக் கோப்பைச் சுருக்குவது. 128 கிலோபிட்டுக் கோப்பில் எஞ்சுவது பதினொன்றில் ஒரு பங்கே. அதனினும் மிகச் சுருக்கின், செவிக்குப் புலனாவனவும் அழிந்துபடும். 2001-ஆம் ஆண்டு வெளிவந்த ஃபிளாக் முறை அத்தகையதன்று. ஆடையை மடித்துப் பேழையில் வைப்பதனை ஒப்பது அது. விரிக்குங்கால் ஓரிழையும் குறையாது.

இனி, மென்பொருளின் தொழில் யாது? கோப்பிலுள்ள எண்களை விரித்து, கணினியின் ஒலிப்பகுதிக்கு அளித்தலே. 1996-இல் பிரெஞ்சு நாட்டுப் பொறியியற் கல்லூரி மாணவர் தொடங்கிய முயற்சியினின்று வளர்ந்த வி.எல்.சி.யும், 2002-இல் தோன்றிய ஃபூபார்2000-உம் இத்தொழிலைச் செவ்வனே ஆற்றுவன, விலையின்றியும் கிடைப்பன. எண்களை விரிப்பதில் இவற்றிடையே செவி உணரத்தக்க வேற்றுமை இல்லை. வேற்றுமை தோன்றுவது நாம் அமைக்கும் அமைப்புகளாலேயாம்.

விண்டோஸ் கணினியில் எல்லா மென்பொருள்களின் ஒலியும் ஓரிடத்திற் கலந்து, ஒரே அளவுக்கு மாற்றப்பட்டு வெளிவரும். பாடலினிடையே அஞ்சல் வந்த மணியோசை குறுக்கிடுவது இதனாலேயே. ஃபூபார்2000-இல் 'எக்ஸ்குளூசிவ்' என்னும் தனிவழியைத் தெரிந்தெடுப்பின், இக்கலப்பின்றி எண்கள் நேரே செல்லும். ஒலியளவை நூற்றுக்கு மேல் உயர்த்தினால், அலையின் உச்சி வெட்டுண்டு ஓசை கரகரக்கும். ஆதலின் அது தவிர்க்கத்தக்கது. ஈக்குவலைசர் முதலிய மாற்றங்களை நிறுத்திவிட்டுக் கேட்டால், பாடியவாறே பாடல் கிட்டும்.

செவியும் நம்மை ஏமாற்ற வல்லது. சிறிதே உரத்து ஒலிப்பதனை, 'இதுவே நன்று' என்று மனம் கொள்ளும். ஆதலின் இரண்டினை ஒப்பிடுவோர், ஒலியளவைச் சமன் செய்து, எது ஒலிக்கின்றது என்று அறியாவண்ணம் நண்பர் ஒருவரைக்கொண்டு பத்து முறை சோதித்தல் வேண்டும். ஐந்தாறு முறை மட்டுமே சரியாகச் சொல்லின், அது குருட்டடியேயன்றி வேறன்று. யாம் அவ்வாறு சோதித்தபொழுது ஐந்து முறையே சரியாகக் கூறினோம்! புதிய மென்பொருளுக்குப் பொருள் செலவிடுவதினும், நல்ல ஒலிபெருக்கியோ காதணியோ வாங்குதல் மிக்க பயன் தரும்.

அங்ஙனமாயின், பாட்டனாரின் குரல் கெட்டது எதனால்? கோப்பின் விவரத்தை இறுதியாகத் திறந்து நோக்கினோம். விநாடிக்கு 48 கிலோபிட்டு என்றிருந்தது. ஒலிநாடாவைக் கணினிக்கு மாற்றியோர், இடம் மிச்சமாக வேண்டி அங்ஙனம் சுருக்கிவிட்டனர். மூல நாடாவோ கடற்காற்றின் ஈரத்தாற் பூஞ்சணம் பிடித்து, முன்னரே எறியப்பட்டது. இல்லாததனை எந்த மென்பொருளும் ஈய இயலாது. இருப்பதனைக் கெடாமற் கொணர்வதே அதன் சிறப்பு.

ஆதலின் அன்பர்களே! உங்கள் இல்லத்துப் பழம்பேழையில் முன்னோர் குரல் பொதிந்த நாடா ஏதேனும் உளதோ என்று இன்றே தேடுமின். அதனை ஃபிளாக் முறையிற் பதிந்து, இரண்டு இடங்களிற் காத்து வைம்மின். எம்.பி.3 படி வேண்டுமாயின் அதனினின்று எப்பொழுதும் செய்துகொள்ளலாம். எம் இல்லத்தில் நேர்ந்த இழப்பு நும் இல்லத்தில் நேராதிருப்பதாக.