துருவுக்குள் ஒரு வேகம்

தோழியரே, பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடக்கும் மோட்டார் சைக்கிளை நம் அண்ணன்மார் ஆசையோடு பார்ப்பது ஏன்? பெரும்பாலும் அது யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆக இருக்கும். ஜப்பானியத் தொழில்நுட்பத்தில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் தயாரித்த வண்டி இது.

இதன் எஞ்சின் 98 சி.சி.தான்; ஆற்றலோ 11 குதிரைத்திறன்! நான்கு வீச்சு எஞ்சினில் இரு சுழற்சிக்கு ஒருமுறை பெட்ரோல் எரியும். இந்த இருவீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சுழற்சிக்கும் எரியும். எடையும் ஏறத்தாழ 100 கிலோதான். ஆகவே பட்டிவீரன்பட்டியிலிருந்து தாண்டிக்குடிக்கு ஏறும் வளைவுகளிலும் தயங்காது. பாகங்கள் குறைவாதலால் பழுது பார்ப்பதும் எளிது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள் இத்தகைய வண்டிகளுக்குக் கைகொடுக்கின்றன.

ஆனால் பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் புகை மிகுதி. மாசுக்கட்டுப்பாடு கடுமையாகவே இத்தகைய வண்டிகள் விற்பனையிலிருந்து மறைந்தன. காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த நம் ஊர்க் காற்றுக்கு அப்புகை நல்லதன்று. மேலும், வண்டியிலுள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிடில் அது திருட்டு வண்டியாகவும் இருக்கலாம். 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவையும் புதுப்பிக்க வேண்டும்.

பழையதற்கு உயிரூட்டுவது அரிய கலையே. அதை நேர்மையோடு செய்யுமாறு அண்ணன்மாரிடம் நாமே எடுத்துக் கூறுவோம்!