கூடிப் பாடும் இன்பம்

குற்றாலத்துப் பேரருவியின் கீழே சாரல் காலத்தில் நிற்பவனுக்குத் தன் குரலே தனக்குக் கேளாது. ஆயினும் அங்கே நிற்போரில் பலர் வாய்விட்டுப் பாடுவதைக் காணலாம். பிறர் கேட்டு நகைப்பாரோ என்னும் அச்சம் அகன்றதும் பாட்டுத் தானே பிறக்கிறது. “எனக்குக் குரல் இல்லை” என்று ஒதுங்கி நிற்கும் மாணவரைக் காணுந்தோறும் இக்காட்சியே என் நினைவுக்கு வருகிறது. பலர் கூடிப் பாடும் இடத்திலும் இவ்வச்சம் அகலும். ஆனால் அருவியில் செவிக்கு வேலையில்லை; சேர்ந்திசையிலோ செவிக்கே முதல் வேலை.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. இன்றைய தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த சென்னிகுளத்தில் பிறந்தவர் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்தார். கழுகுமலை முருகன்மீது அவர் பாடிய காவடிச்சிந்து, அமர்ந்து கேட்பதற்கென எழுந்ததன்று; காவடி சுமந்து நடப்போருக்கென எழுந்தது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் வாங்கிப் பாடுவர். தாளம் காலில் இருக்கிறது. அடிகளின் இறுதி ஒத்த ஓசையில் முடிவதால், சொல் மறந்தவனும் அடுத்த அடியில் சேர்ந்துகொள்வான். ஒருவன் மூச்சு வாங்கும்போது மற்றவர் குரல் தொடர்வதால் பாட்டு அறுவதில்லை. தனியாகப் பாடுவோனுக்கு இவ்வசதி ஏது? இக்காலத்தில் பாதயாத்திரை செல்லும் கூட்டங்கள் பலவற்றில் வண்டியில் வைத்த ஒலிபெருக்கியே பாடுகிறது. நடப்போர் வாளா நடக்கின்றனர். கால்வலி மறக்கச் செய்த மருந்தைக் கைவிட்டுவிட்டனர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

காவடிச்சிந்தில் எல்லாரும் பாடுவது ஒரே மெட்டு. ஆடவரும் பெண்டிரும் சேரும்போது ஒரு சாரார் மேல் தாயியிலும் மற்றவர் கீழ்த் தாயியிலும் நிற்பர். கீழ்ச் சட்சம் நொடிக்கு 240 அதிர்வாயின், மேற்சட்சம் 480. இரண்டும் ஒன்றாகவே செவிக்குத் தோன்றும். பஞ்சமம் 360, சட்சம் இருமுறை அதிரும் நேரத்தில் அது மும்முறை அதிர்கிறது. இவ்வெளிய கணக்கே இனிமைக்குக் காரணம். ஒருவர் 240-லும் மற்றொருவர் 243-லும் நின்றால் நொடிக்கு மூன்று விம்மல்கள் எழுந்து செவியை உறுத்தும். அவ்வுறுத்தலைக் கேட்டுக் குரலைச் சற்றே இறக்குவதுதான் சுருதி சேர்தல். சுரங்களின் உறவை இணை, கிளை, நட்பு, பகை என நம் முன்னோர் பெயரிட்டு ஆராய்ந்தனர். சுரங்களுக்கும் சுற்றத்தார் உண்டு போலும்!

இவ்வாராய்ச்சியைப் புதுக்கியவரும் இப்பகுதியினரே. தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். சுருதிக் கணக்கே அதன் உயிர்நிலை.

வெவ்வேறு குரல்கள் ஒரே வேளையில் வெவ்வேறு சுரங்களைப் பாடும் மேனாட்டு முறையும் நெல்லைச் சீமைக்குப் புதிதன்று. ஆலயப் பாடகர் குழுக்களில் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என நான்கு குரல்கள் பிரிந்து பாடக் கேட்கலாம். எம். பி. சீனிவாசன் 1971-இல் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கி, பாரதியார் பாடல்களை அவ்வாறு பல குரலில் அமைத்தார். இராகத்தின் கமகங்கள் இதனால் குறைவுபடும் என்பார் உண்டு. அது ஓரளவு உண்மையே. எல்லா இராகமும் இதற்கு இடங்கொடா. நேரிய மெட்டுகளே பொருந்தும்.

நால்வர் சேர்ந்தால் இதனை இன்றே செய்து பார்க்கலாம். முதலில் நால்வரும் சட்சத்தில் நிற்க. விம்மல் அடங்கியபின் இருவர் மட்டும் பஞ்சமத்துக்கு ஏறுக. தம் குரலை உரக்க எழுப்பாது, அடுத்தவர் குரல் தமக்குக் கேட்கும் அளவிலேயே பாடுக. சிறிது நேரத்தில், எவரும் பாடாத மேற்சுரம் ஒன்று தலைக்குமேல் மெல்ல ஒலிப்பது போல் தோன்றும்.