பேட்டரி தெளிப்பான் இயங்காதபோது பழுது அறிதல்

பேட்டரி தெளிப்பான் என்பது முதுகில் சுமந்துகொண்டு பயிருக்கு மருந்து அடிக்கும் கருவி. மருந்து நிரப்பும் டேங்க், அதன் அடியில் ஒரு 12 வோல்ட் பேட்டரி, சிறிய மோட்டாருடன் இணைந்த பம்பு, ஹோஸ், விசையுள்ள தெளிப்புக் குழாய் ஆகியவை இதன் முக்கியப் பாகங்கள். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை, வாழை, காய்கறித் தோட்டங்களில் இது புழக்கத்தில் உள்ளது. ஸ்விட்சைப் போட்டும் கருவி ஓடாவிட்டால் பலரும் முதலில் சந்தேகப்படுவது மோட்டாரை. உண்மையில் அது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய பாகம். பெரும்பாலும் கோளாறு பேட்டரியிலோ, அதற்கும் மோட்டாருக்கும் இடையிலுள்ள இணைப்புகளிலோ இருக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கில் இதன் தேவை

கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி சுற்றுவட்டாரத்தில் விளையும் கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. இங்கே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். அதனால் மழைக்காலத்திலும் பூவும் பிஞ்சுமாகக் கொடிகள் இருக்கும். இலை ஈரமாகவே இருந்தால் அடிச்சாம்பல் நோய் பரவும். பூங்கொத்தில் பிடித்துவிட்டால் அந்தக் காய்ப்பே போகும். மழை விட்ட சில மணி நேர இடைவெளிதான் மருந்து அடிக்கக் கிடைக்கும். அந்த நேரத்தில் கருவி ஓடாமல் நின்றால், பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோய்த் திரும்புவதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

பந்தல் முறைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கொடி தலைக்கு மேலே படர்ந்திருப்பதால் மருந்தை அண்ணாந்து அடிக்க வேண்டியிருக்கிறது. இலையில் பட்டது போக மீதி, அடிப்பவர் மேலும் முதுகிலுள்ள கருவியின் மேலும் சொட்டுகிறது. ஸ்விட்சும் சார்ஜ் செய்யும் துளையும் பெரும்பாலும் கருவியின் அடிப்பகுதியில் இருக்கும். வழிந்து வருவது அங்கேதான் சேரும். போர்டோ கலவையில் சுண்ணாம்பு குறைந்து மயில்துத்தம் மிகுந்திருந்தால் அது இரும்பை அரிக்கும். கலவையில் கத்தியை முக்கி, செம்பு படிகிறதா என்று பார்க்கும் பழைய சோதனை இதை அறிவதற்குத்தான். கத்தியில் படிவது ஸ்விட்சின் இரும்பு முனையிலும் படியும்.

திறப்பதற்கு முன்

டேங்கில் மருந்து இருக்கும்போதே கருவியைக் கவிழ்த்து அடிமூடியைக் கழற்றுவது ஆபத்தானது. மருந்தை வேறு பாத்திரத்தில் ஊற்றி மூடிவைத்து, டேங்கை இரண்டு மூன்று முறை அலசிவிட்டு, கருவியின் வெளிப்புறத்தையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கையுறை அவசியம். அடைத்த தெளிப்பு முனையை வாயால் ஊதும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. பூச்சிமருந்து உடலுக்குள் போக அதைவிட நேரான வழி இல்லை. பழைய பல்துலக்கும் பிரஷும் தண்ணீரும் போதும்.

மூடியைத் திறக்கும் முன் இன்னொன்றும் பார்க்க வேண்டும். விசையை அழுத்தாமல் ஸ்விட்சை மட்டும் போட்டால் மோட்டார் ஒரு நொடி ஓடி நின்றுவிடும். இது பழுதல்ல. ஹோஸில் அழுத்தம் சேர்ந்ததும் மோட்டாரை நிறுத்தும்படியே கருவி அமைக்கப்பட்டிருக்கிறது. எனவே விசையை அழுத்திக்கொண்டுதான் சோதிக்க வேண்டும். வேகக் கட்டுப்பாட்டுக் குமிழ் உள்ள கருவிகளில் அது மிகக் குறைவில் இருந்தாலும் மோட்டார் அசையாது.

பேட்டரியைச் சோதித்தல்

பல தெளிப்பான்களில் இருப்பது 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி அளவுள்ள மூடிய ஈய அமில பேட்டரி. சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் பார்த்தால், முழுதாக ஏறிய பேட்டரி ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். 12 வோல்ட் அளவில் இருந்தால் ஏறக்குறைய காலி. சுமார் 10.5 வோல்ட்டிலேயே நின்று, எவ்வளவு சார்ஜ் செய்தாலும் ஏறாவிட்டால், உள்ளிருக்கும் ஆறு அறைகளில் ஒன்று செத்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் சும்மா இருக்கும் பேட்டரியின் வோல்ட்டை மட்டும் நம்பக்கூடாது. வெகுநாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்துவிடும். அது மண் தூர்ந்த கிணறு மாதிரி: எட்டிப்பார்த்தால் தண்ணீர் தெரியும், மோட்டார் போட்டால் சற்று நேரத்தில் வற்றிவிடும். இத்தகைய பேட்டரியைச் சார்ஜரில் மாட்டினால் சிறிது நேரத்திலேயே பச்சை விளக்கு எரியும், வோல்ட்டும் 12.5-க்கு மேல் காட்டும், ஸ்விட்சைப் போட்டதும் படுத்துவிடும். புதிதாக வாங்கியபோது ஆறேழு மணி நேரம் எடுத்த சார்ஜ் இப்போது அரை மணியில் முடிகிறது என்றால் மகிழ்வதற்கு ஒன்றும் இல்லை.

எனவே பளு கொடுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட், 35 வாட் முன்விளக்கு பல்பு ஒன்று போதும். அது சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். தெளிப்பான் பம்பும் ஏறத்தாழ அவ்வளவுதான் இழுக்கிறது. பல்பைப் பேட்டரியில் இணைத்து ஒரு நிமிடம் எரியவிட்டு வோல்ட்டைப் பார்க்கலாம். நல்ல பேட்டரி 12 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். 11-க்குக் கீழே சரிந்துகொண்டே போனால் பேட்டரியை மாற்றுவதுதான் வழி. பல்பு சூடாகும் என்பதால் தரையிலோ கல்லிலோ வைத்துச் சோதிப்பது நல்லது.

லித்தியம் பேட்டரியில் கதை வேறு. வோல்ட் மிகவும் குறைந்தால் உள்ளிருக்கும் காப்பு மின்சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும்; மீட்டர் பூஜ்யம் காட்டும். சில கருவிகளில் அதற்குரிய சார்ஜரை மாட்டினாலே அது மீண்டும் உயிர்பெறும். ஈய அமில பேட்டரியின் சார்ஜரை இதற்குப் பயன்படுத்தக்கூடாது; தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையில்

பேட்டரி நன்றாக இருந்தால், மோட்டாரின் இரு வயர்களையும் கழற்றி, சிவப்பு கறுப்பு மாறாமல் பேட்டரியில் சில நொடிகள் நேரடியாக இணைத்துப் பார்ப்பதே குறுக்கு வழி. மோட்டார் ஓடினால் பாதி வேலை முடிந்தது. பழுது இடையில்தான் இருக்கிறது.

இடையில் இருப்பவை ஃபியூஸ், ஸ்விட்ச், வேகக் கட்டுப்பாட்டுப் பலகை, பம்பின் தலையில் உள்ள அழுத்த ஸ்விட்ச் ஆகியவை. ஃபியூஸ் போயிருந்தால் அதில் எழுதிய அதே ஆம்பியர் அளவில்தான் மாற்ற வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டால் அன்றைக்கு ஓடும். பம்பு சிக்கிக்கொள்ளும் நாளில் ஃபியூஸுக்குப் பதிலாக வயர் உருகும். பச்சை பூத்த முனைகளைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கமாகச் செருகினாலே பல கருவிகள் ஓடிவிடும். ஸ்விட்சின் உள்ளே துரு ஏறியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

அழுத்த ஸ்விட்ச்தான் பலர் கவனிக்காமல் விடும் பாகம். விசையை அழுத்தி ஹோஸில் அழுத்தம் இறங்கியதும் அது மோட்டாருக்கு மின்சாரத்தைத் திரும்ப விட வேண்டும். அதன் உள்ளே மருந்து கசிந்து இறுகினால் திறந்த நிலையிலேயே நின்றுவிடும். ஸ்விட்சைப் போட்டு, விசையை அழுத்திய நிலையில், அதன் இரு முனைகளையும் ஒரு சிறு வயரால் கணநேரம் இணைத்தால் மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கலாம். ஓடினால் கோளாறு அந்தச் சிறு பாகத்தில்தான். முழு பம்பையும் மாற்றத் தேவையில்லை. ஆனால் அப்படியே நிரந்தரமாக இணைத்துவிட்டால், விசையை விட்டபின்னும் மோட்டார் நிற்காமல் அழுத்தம் ஏறி ஹோஸ் பிடுங்கிக்கொள்ளலாம். மருந்து முகத்தில் பீய்ச்சும்.

பம்பு சிக்கிக்கொள்ளுதல்

நேரடியாக இணைத்தும் மோட்டார் 'உம்' என்று முனகி நின்றால், பம்பினுள் ஏதோ காய்ந்து இறுகியிருக்கிறது. அடித்து முடித்தபின் கழுவாமல் வைத்த சுண்ணாம்புப் படிவே பெரும்பாலும் காரணம். பம்பின் வழியே வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு ஊறவைத்தால் சில நேரம் விடுபடும். முனகலே இல்லாமல் அமைதியாக இருந்தால்தான் மோட்டாரின் கார்பன் பிரஷோ சுருளோ போயிருக்கிறது என்று கொள்ளலாம்.

பேட்டரியில் ஓடும் புல்வெட்டிகளுக்கும் இதே வரிசை பொருந்தும். கூடுதலாக அவற்றில் பாதுகாப்புச் சாவி செருகப்பட்டிருக்கிறதா, கைப்பிடியில் உள்ள பூட்டு விசை சரியாக அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் இயந்திரம் அசையாது. கத்தியில் சுற்றிய புல்லை எடுக்கும் முன் சாவியையும் பேட்டரியையும் கழற்றிவிட வேண்டும்.

பயன்படுத்தாத காலத்தில்

வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீரை ஊற்றி இரண்டு நிமிடம் ஓடவிடுவதும், அன்று இரவே சார்ஜ் போடுவதும் மேலே சொன்ன பழுதுகளில் பெரும்பகுதியைத் தவிர்க்கும். கருவி சும்மா இருக்கும் காலத்திலும் ஈய அமில பேட்டரியை மாதம் ஒருமுறை முழுதாக ஏற்ற வேண்டும். செத்த பேட்டரியை வாய்க்காலிலோ தோட்டத்து மூலையிலோ எறியக்கூடாது. அதில் ஈயமும் கந்தக அமிலமும் உள்ளன. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி அதை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல், பழைய பேட்டரியைச் சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ ஒப்படைக்க வேண்டும். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையிலும் கொஞ்சம் கழித்துக்கொள்வது வழக்கம்.