செல்போனில் ஒரு வரவேற்பறை!

திரையில் ஒரு காலி அறை. சோபா எங்கே, விளக்கு எங்கே என்று இடம் மட்டும் குறித்திருக்கும். பொருளைத் தேர்ந்தெடுப்பதுதான் நம் வேலை. 2016-ல் வந்த 'டிசைன் ஹோம்' விளையாட்டு இவ்வளவுதான். மார்க் போடுவது கம்ப்யூட்டர் அல்ல, மற்ற விளையாட்டாளர்கள். இரண்டு அறைகளை அருகருகே பார்த்து, பிடித்ததைத் தொடுவார்கள். சில நொடிப் பார்வைதான் என்பதால், நுணுக்கத்தைவிட கண்ணை உறுத்தாத அறைக்கே மவுசு. 5-க்கு 4 ஸ்டார் எடுத்தால் பரிசு!

தரைவிரிப்பில் தொடங்குங்கள். அதிலுள்ள ஒரு நிறத்தை சோபாவுக்கும், இன்னொன்றைச் சுவர்ப்படத்துக்கும் கொண்டுபோனால் அறை தானாகச் சேர்ந்துகொள்ளும். மர மேஜைகள் ஒரே சாயலில் இருக்கட்டும். பெரிய சோபா பக்கத்தில் ஒல்லி விளக்கு வைத்தால் காணாமல்போய்விடும். கடற்கரை வீடு கேட்டால், கறுப்பு லெதர் சோபா எத்தனை அழகானாலும் வேண்டாம்.

வைரக் கணக்கில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். வாங்கிய பொருள் 5 முறைதான் உதவும். பிறகு மறுபடி வாங்க வேண்டும். வைரம் தீர்ந்தால் கை நிஜப் பணத்துக்குப் போகும். பிள்ளைகள் கையில் போன் போகும் வீடு என்றால், ப்ளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி முதலில் மாற்றிவிடுங்கள். போட்டிக்குள் நுழையத் தேவையான சாவிகளுக்குப் பணம் வேண்டாம். மற்றவர் அறைகளுக்கு ஓட்டுப் போட்டாலே கிடைக்கும்.