விரலில் நூலைச் சுற்றாதீர்கள்!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்கும் வீடுகள் பல உண்டு. தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்து நெசவாளி நாடாவை ஓட்டுவார். பக்கத்திலேயே கத்தரியும் பிளேடும் இருக்கும். இழையை வெட்டும்போது பிளேடு சறுக்கி விரலைக் கிழித்துவிட்டால்? கைக்கெட்டும் பட்டு நூலை எடுத்து விரலைச் சுற்றி இறுக்கத்தான் தோன்றும். பாட்டி காப்பித் தூளோடு ஓடி வருவாள். இரண்டுமே வேண்டாம்.

ரத்தம் ஓடும் பாதையைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும். வளர்ந்த மனிதரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. இதயம் நிமிடத்துக்குச் சுமார் 72 முறை சுருங்கி அதைத் தள்ளுகிறது. அப்படித் தள்ளிய ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய் தமனி. அதன் சுவர் தடித்தது. இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய் சிரை. அதன் சுவர் மெல்லியது. மணிக்கட்டில் நாடி பார்க்கும்போது துடிப்பது தமனி. புறங்கையில் பச்சையாகத் தெரிவது சிரை.

சிரைக்குள் சிறு கதவுகள் உண்டு. இங்கிலாந்து நாட்டு வைத்தியர் வில்லியம் ஹார்வி இதை ஒரு எளிய சோதனையால் விளக்கினார். ஒருவர் கையில் துணியைக் கட்டினார். சிரைகள் புடைத்தன. ரத்தத்தை விரலால் கீழ்நோக்கித் தள்ளினார். கதவைத் தாண்டி அது போகவில்லை! ரத்தம் சுற்றிச் சுற்றி வருகிறது என்று 1628-இல் அவர் நூல் வெளியிட்டார்.

சிரையில் ஓடுவதை 'அசுத்த ரத்தம்' என்று பள்ளியில் படித்தவர்கள் உண்டு. அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. பிராணவாயு குறைந்த ரத்தம், அவ்வளவுதான். அதனால் கருஞ்சிவப்பாக இருக்கும். சிரை அறுந்தால் ஒரே சீராக வழியும். தமனி அறுந்தாலோ செக்கச்செவேலென்று, இதயத் துடிப்புக்கு ஏற்ப விட்டுவிட்டுப் பீறிடும். இதுவே பெரிய ஆபத்து.

பதற்றத்தில் நிறம் தெரியாமல் போகலாம். கவலை வேண்டாம். எந்த ரத்தமானாலும் முதல் வேலை ஒன்றே: அழுத்துவது. சுத்தமான பருத்தித் துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்துப் பலமாக அழுத்த வேண்டும். உதவுகிறவர் தம் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்வது நல்லது. கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றதா, நின்றதா என்று துணியைத் தூக்கிப் பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் பெயர்ந்துவிடும். பலர் செய்யும் தவறு இதுதான். துணி நனைந்தால் அதன்மேல் இன்னொரு துணி. கண்ணாடித் துண்டு ஆழமாகக் குத்தியிருந்தால் பிடுங்கக் கூடாது. அதன் இரு பக்கமும் அழுத்த வேண்டும்.

பீறிட்டாலும், 10 நிமிடத்தில் நிற்காவிட்டாலும் 108-ஐ அழைக்க வேண்டும். பீறிடும்போது 10 நிமிடம் காத்திருக்கவே கூடாது. ஆளைப் படுக்க வைத்து, அழுத்தியபடியே இருக்க வேண்டும். காப்பியோ சோடாவோ கொடுக்க வேண்டாம். ரத்தம் நின்ற பிறகும் டெட்டனஸ் ஊசி பற்றி வைத்தியரைக் கேட்க வேண்டும்.

காப்பித் தூள் கிருமியைக் காயத்துக்குள் கொண்டுபோகும். பட்டு நூலோ மெல்லியது, ஆனால் உறுதியானது. இறுக்கினால் தோலையே அறுக்கும். விரல் முழுவதற்கும் ரத்தம் போகாமல் தடுத்து, மணிக்கணக்கில் விட்டால் விரலையே சாகடிக்கும். வைத்தியர்களும் அறுவைச் சிகிச்சையில் பட்டு நூலால் ரத்தக் குழாயைக் கட்டுவது உண்டு. ஆனால் அது கிருமி நீக்கிய நூல். அவர்கள் கட்டுவது அறுந்த குழாயின் வாயை மட்டும், விரலை அல்ல.