பேராயர் அசரியா எதில் கண்ணாக இருந்தார்?

காசிப்பேட்டை–விஜயவாடா ரயில் பாதையில் டோர்னக்கல் ஒரு சின்னச் சந்திப்பு. கும்மட்டமும் மினார்களும் கோயில் மண்டபத்தை நினைவூட்டும் தூண்களுமாக அங்கே ஒரு பேராலயம் நிற்கிறது. 1939இல் பிரதிஷ்டையான அதைக் கட்டியெழுப்பியவர் நம் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளைக்காரர், வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அபிஷேகம் பெற்ற, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர்.

போகிறவர்கள் ஆலயத்தைத்தான் படம் பிடிக்கிறார்கள். ஊழியத்தில் மேன்மை என்றதும் நமக்கும் கட்டடம், மேடை, ஒலிபெருக்கி, இப்போது டிரோன் கேமரா என்றே புத்தி போகிறது. அசரியாவின் கவனம் இருந்த இடம் வேறு.

1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறக்க முன்னின்றவர்களில் அவர் ஒருவர். பணம் நம்முடையது, ஆட்கள் நம்மவர்கள், நிர்வாகமும் நம் கையில் என்பது அதன் கொள்கை. சங்கம் தன் மிஷனெரிகளை நிஜாம் சமஸ்தானத்துத் தெலுங்குக் கிராமங்களுக்கு அனுப்பியது. பிறரை அனுப்பிவிட்டு அறிக்கை வாசிப்பதோடு அவர் நிற்கவில்லை. 1909இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் வேலையை விட்டுவிட்டுத் தாமே டோர்னக்கல் போனார், தெலுங்கு படித்தார். மறு வருஷம் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், பணமும் உயிரும் கொடுத்த ஐரோப்பிய மிஷனெரிகள் இந்தியரை நண்பராக நடத்தத் தவறியதை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். கேட்டவர்களில் சிலருக்கு அது கசந்தது.

டோர்னக்கலில் சபையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள். எழுத்தறிவு எட்டாதபடி தள்ளிவைக்கப்பட்டவர்கள். அவர்களை அன்றாடம் பார்த்துக்கொள்பவர் பேராயர் அல்ல, கிராமத்து உபதேசியார்தான். பாடம் சொல்வது, ஜெபம் நடத்துவது, சண்டை தீர்ப்பது எல்லாம் அவர் தலையில். அந்த உபதேசியார் அரைகுறையானால் ஊரே அரைகுறைதான். ஆகவே அசரியா பயிற்சியைத் தெலுங்கிலேயே நடத்தினார். உபதேசியார்களின் மனைவிமாரும் படித்தார்கள். தாமே மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சுற்றினார். காணிக்கையை ஏழைகளிடமும் கேட்டார், ஏழை என்பதற்காக விலக்கவில்லை. அறுவடைப் பண்டிகைக்குத் தானியமும் கோழியும் வந்தன. தன் சபையைத் தானே தாங்குபவனுக்குத்தான் அதில் தலை நிமிர்ந்து பேச வாய் வரும் என்பது என் எண்ணம். அவர் கணக்கும் அதுவாகவே இருந்திருக்க வேண்டும்.

அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. மதமாற்றம் குறித்துக் காந்தியோடு அவருக்குக் கடுமையான கருத்து வேறுபாடு. கட்டுப்பாட்டில் பிடிவாதக்காரர் என்றும் சொல்வார்கள். இருக்கட்டும். எனக்கு உறுத்துவது அவருடைய குறை அல்ல, திருச்சபையின் குறை. 1945 ஜனவரி 1 அன்று அவர் மறையும்வரை, 32 வருஷமாக, வேறொரு இந்தியரை ஆங்கிலிக்கன் திருமண்டலம் எதற்கும் தலைமை தாங்கும் பேராயராக அமர்த்தவில்லை. அவருக்குப் பின் டோர்னக்கலுக்கு வந்தவரும் இந்தியர் அல்லர்.

இன்று பேராயர்கள் நம்மவர்கள்தான். திருமண்டலத் தேர்தல்களும் நம் கையில். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவரிடம், எத்தனை ஆலயம் கட்டினீர்கள் என்று கேட்காதீர்கள். கடைக்கோடிச் சபைக்கு எப்படிப்பட்ட உபதேசியாரைத் தயார்செய்து அனுப்பினீர்கள், அவருக்கு மாதச் சம்பளம் ஒழுங்காகப் போகிறதா என்று கேளுங்கள்.